அறுபது கவர்

தொண்டைக்குள் குழாய் இறங்குவது இதயத்துக்கு மட்டும் தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் மூச்சுக்காக இறக்கும் குழாய் அது; ஆள் மயக்கத்தில் இருப்பார். கூப்பிட்டால் எழமாட்டார், கிள்ளினால் சிணுங்கமாட்டார். ஆனால் இதயம் "யார்றா அது?" என்று எழுந்து ஓட ஆரம்பிக்கும். எண்பதில் இருந்த துடிப்பு நூற்று இருபதுக்குப் போகும். திடகாத்திரமானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே இதயம் கெட்டவர்களுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

அந்த ஓட்டத்தை அடக்க எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு மருந்துகள் இருந்தன. எஸ்மோலால், விலை கூடியது. லிக்னோகெய்ன், மலிவு. எது மேல் என்று அறுபது பேரிடம் பார்த்துச் சொல்வதுதான் மயக்க மருந்துப் படிப்பின் கடைசி வருடத்தில் எனக்கு வாய்த்த தீசிஸ். அதைக் கொடுத்தால்தான் பரீட்சை, பரீட்சை எழுதினால்தான் பட்டம். அம்மா அதற்குள் நான் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி, மூன்று சித்தப்பாக்களின் முட்டிவலியை என் தலையில் கட்டியிருந்தாள்.

தலைப்பைக் கொடுத்தவர் துறைத் தலைவர். நாங்கள் வைத்த பெயர் 'அரைத்தூக்கம்'. ஊரார் மூக்கில் வைத்த மயக்க மருந்தில் பாதி அவருக்கே போயிருக்கும் என்பது ஹாஸ்டலின் ஏகோபித்த கருத்து. மருந்து வாங்கும் குழுவுக்கும் அவரே தலைவர். அதில் மட்டும் முழு விழிப்பு.

ஏற்பாடு எளிது. முப்பது கவருக்குள் ஒரு மருந்தின் பெயர், முப்பதில் மற்றது. எல்லாவற்றையும் கலைத்து அடுக்கி தியேட்டர் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. ஒவ்வொரு நோயாளிக்கும் மேலே இருக்கும் கவரைப் பிரித்து, அதில் எழுதியிருக்கும் மருந்தை சிரிஞ்சில் ஏற்றித் தருவார். பார்வைக்கு இரண்டும் பச்சைத்தண்ணீர். எது என்று எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பிடித்த மருந்துக்கு ஓட்டுப் போட்டுவிடுவேனாம். ஆராய்ச்சிக்காரனை நம்பாதே என்று ஆராய்ச்சிக்காரர்களே கண்டுபிடித்த முறை.

எட்டு மாதம் ஊசி போட்டேன், குழாய் இறக்கினேன், துடிப்பை எழுதினேன். கடைசியில் கவர் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், குழாய் போட்டபின் எஸ்மோலால் ஆட்களின் சராசரி நூற்று நான்கு, லிக்னோகெய்ன் ஆட்களுக்கு நூற்று மூன்று.

"ரெண்டும் ஒண்ணு!" அரைத்தூக்கம் கண்ணை முழுசாகத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? எதுக்கு அந்த விலை கூடினது? உன் தீசிஸை வெச்சே நிறுத்திடலாம்ப்பா."

காரியத்தைக் கெடுத்தவர் புள்ளியியல் ஆசிரியர். முதல் அட்டவணையில் பேனாவை ஊன்றினார்.

"தம்பி, இது மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த துடிப்புதானே?"

"ஆமா சார்."

"எஸ்மோலாலுக்குத் தொண்ணூத்தெட்டு, மத்ததுக்கு எழுபத்தெட்டு. குலுக்கிப் போட்ட சீட்டா இது? பயந்தாங்கொள்ளி எல்லாம் ஒரே பக்கமா வந்து நின்னானா?"

பேனா அடுத்த அட்டவணைக்கு நகர்ந்தது.

"தொண்ணூத்தெட்டுலேருந்து நூத்திநாலு, ஆறுதான் ஏத்தம். எழுபத்தெட்டுலேருந்து நூத்திமூணு, இருபத்தஞ்சு. இது உனக்கு ஒண்ணா? யாரோ சீட்டுல கை வெச்சிருக்காங்க. போய்க் கேளு."

தியேட்டரில் அக்கா பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கவரை வரிசையாத்தானே எடுத்தீங்க?"

"வரிசையாத்தான். ரொம்ப பயந்த ஆளா இருந்தா மட்டும் கொஞ்சம் தேடி எடுப்பேன்."

"தேடியா?"

"பின்னே? கை கால் வெலவெலத்துப் படுத்திருக்கும். அதுக்குப் போய் மலிவு மருந்து வந்தா மனசு கேக்குமா? அந்தக் கவரை அடியில சொருகிட்டு நல்லதா ஒண்ணு எடுப்பேன். சிரிச்சுப் பேசிட்டு வர்றவங்களுக்கு மத்ததைக் குடுத்துடுவேன். ஆனா கணக்கு சுத்தம் டாக்டர். முப்பதுக்கு முப்பது."

"எது நல்லதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

மானிட்டரைக் காட்டினார். "இருபத்திரண்டு வருஷமா இது கத்தறதைக் கேக்கறேனே. எங்களுக்கெல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னுதானே ஆராய்ச்சி பண்றீங்க?"

கிண்டலே இல்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது. அவர் மாற்றியதால்தான் இரண்டும் ஒன்று என்று வந்திருக்கிறது, இனி அந்த நல்ல மருந்தையே வாங்கமாட்டார்கள் என்று விளக்கினேன். அக்கா பஞ்சை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அரைத்தூக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, மறுபடி அறுபது பேர் பாரு. இன்னும் எட்டு மாசம். இந்த வருஷப் பரீட்சை போச்சு. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காரு."

"வேற வழி சார்?"

"அந்த முதல் அட்டவணையை எடுத்துடு."

"பரீட்சை வைக்க வர்றவர் கேட்டா?"

"அவன் தீசிஸுக்கும் நான்தான்ப்பா கைடு."

மனசாட்சி என்று ஒன்று எனக்கும் உண்டு. அதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தேன். அதுவும் சித்தப்பாக்களின் முட்டியைத்தான் நினைத்தது. இரண்டாம் அட்டவணை நகர்ந்து முதல் அட்டவணையாக உட்கார்ந்துகொண்டது. நன்றியுரையில் அக்காவுக்கும் ஒரு வரி எழுதினேன்: 'உறைகளை நெறிமுறைப்படி கையாண்ட செவிலியருக்கு.' சிறந்த தீசிஸ் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். பட்டம் வந்தது, அதே ஆஸ்பத்திரியில் வேலையும் வந்தது. எஸ்மோலால் மட்டும் வருவது நின்றது.

நாலாம் மாதம் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். நடந்துதான் உள்ளே வந்தார். மேஜையில் படுத்ததும் துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு.

அக்கா பழக்க தோஷத்தில் அலமாரியில் எஸ்மோலால் இருக்கும் மேல்தட்டைத் திறந்தார். காலித் தட்டைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். அப்புறம் மூடிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து லிக்னோகெய்ன் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"நல்ல மருந்துதானே தம்பி?" டிரைவர் என் கையைப் பிடித்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

எந்த இரண்டு என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

குழாயை இறக்கினேன். நூற்று முப்பது. நூற்று நாற்பத்தைந்து. நூற்று ஐம்பத்தெட்டு. மானிட்டர் கத்திய கத்தலில் சர்ஜன் கத்தியைக் கீழே வைத்தார். திரையில் கோடு சரிந்தது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் துடிப்பு இறங்கியது. இதயத்தில் ஒரு பகுதி அதற்குள் செத்திருந்தது. கல்லை எடுக்காமலே தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நல்லா நடந்துதானேங்க உள்ள போனாரு?" என்றாள் வெளியே நின்ற மனைவி.

"ஏற்கெனவே வீக்கான இதயம்மா."

அவள் தலையாட்டினாள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது அக்கா காலி சிரிஞ்சை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"டாக்டர், இது என்னாலதானே? நான் கவரை மாத்தாம இருந்திருந்தா அந்த மருந்து இப்ப இருந்திருக்கும்ல?"

முதல் அட்டவணையை நான் எடுத்தது அவருக்குத் தெரியாது. சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் அமையாது. தியேட்டரில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"விடுங்கக்கா" என்றேன், மன்னித்துவிட்டவனைப் போல.