நூல் உருளையும் ஒரு பிடி களிமண்ணும்

ராக்கெட் என்றால் ஒல்லியாக, உயரமாக, முனை கூராக இருக்க வேண்டும் என்பது வெர்லின் உன்ருவின் கட்சி. அவன் மனைவி ட்வைலா வாங்கிவந்த மாடல் ராக்கெட் பெட்டிக்குள் இருந்ததோ அகலமான இரண்டு வட்டத் தட்டுகளும், அவற்றுக்கு நடுவில் வைக்க ஒரு கட்டைக் குழாயும். ஒட்டி முடித்தால் பெரிய நூல் உருளைபோல இருக்கும். முனை கிடையாது, இறக்கை கிடையாது.

"இது பறக்காது" என்றான் முதல் நாளே.

"பறக்காட்டி உனக்கென்ன? உன்னை ஏறி உக்காரவா சொன்னேன்?"

வெர்லின் கை படாத ஒரு ராக்கெட்டாவது மேலே போக வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும். இதுவரை அவள் கட்டிய எல்லாவற்றையும் அவன் 'சரி' செய்திருந்தான். ஒன்றில் இறக்கையைத் தேய்த்தான், இன்னொன்றில் பாராசூட்டை மாற்றினான். அவை பறந்தபோது ராக்கெட் கிளப்பில் எல்லோரும் அவன் முதுகைத்தான் தட்டினார்கள். அதனால் இதைத் தையல் அறையில் வைத்துக் கட்டினாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். மைதானம் என்பது அறுத்துவிட்ட கோதுமை வயல். திங்களன்று அங்கே மறுபடி விதைப்பு. அதன்பின் அடுத்த கோடையில் அறுவடை முடியும்வரை ராக்கெட்டுக்கு இடமில்லை. காற்றும் ஏறிக்கொண்டிருந்தது.

பரிசோதனை மேசையில் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் டெல்மர் கோர்ட்ஸ் உருளையைக் கையில் தூக்கினார். முகம் சுளித்துத் தராசில் வைத்தார்.

"இந்த மோட்டார் இதைத் தூக்காது ட்வைலா. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வைக்கலையே. பெட்டில வந்ததுதான்."

சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினாள். வெர்லின் சினமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியை, கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்புக் கிண்ணத்தில் முக்கிக்கொண்டு வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"வெர்லின். என்ன பண்ணித் தொலைச்ச?"

"காலைல நீ ரோல் சுட்டுக்கிட்டிருந்தப்போ, நேராப் பறக்குமான்னு கயித்துல கட்டி ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். குட்டிக்கரணம் போட்டுச்சு. அப்படியே விட்டா ஜனங்க மேல பாயும். அதான் தலை கனமா இருக்கட்டும்னு மேல்தட்டுக்குள்ள கொஞ்சம் களிமண்..."

"கொஞ்சம்?"

"ஒரு பிடி."

டெல்மர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கயிறு வேலையெல்லாம் நீளமான ராக்கெட்டுக்குய்யா. இந்த மாதிரி குட்டையெல்லாம் கயித்துல தோத்துரும், மேல நேராப் போகும். பின்தட்டு அகலமா இருக்குல்ல? காத்து அதைப் பிடிச்சு இழுத்து நேரா வச்சுக்கும்."

"அப்ப பெரிய மோட்டார் போட்டுட்டாப் போச்சு" என்றான் வெர்லின்.

"குழாய்ல நுழையாது."

"குழாயைக் கொஞ்சம் அறுத்து..."

"வாயை மூடு" என்றாள் ட்வைலா.

"காத்து இன்னும் கொஞ்சம் ஏறினா கடையைக் கட்டிருவேன்" என்றார் டெல்மர்.

அவள் டெல்மரிடம் கத்தியை வாங்கி, தானே வண்ணம் பூசிய மேல்தட்டைக் கீறினாள். களிமண் வர மறுத்தது.

"பசை வேற போட்டியா?"

"ஆடாம இருக்கணுமில்ல."

தட்டின் அட்டையைப் பிய்த்துக்கொண்டுதான் கட்டி வெளியே வந்தது. வெர்லின் டேப்புக்குக் கை நீட்டினான்.

"குடு, நான் ஒட்டறேன்."

"கையை எடு. இந்தா, இதைப் பிடி." களிமண்ணை அவன் உள்ளங்கையில் அறைந்தாள். "இதைப் பிடிச்சுக்கிட்டு அங்க போய் நில்லு. நான் சொல்றவரைக்கும் உனக்கு இதான் வேலை."

தட்டைக் கோணலும் மாணலுமாக அவளே ஒட்டினாள். டெல்மர் மறுபடி நிறுத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "அடுத்தது ட்வைலாவோடது. இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சு. எல்லாரும் கண்ணை மேல வைங்க."

எண்ணி முடித்ததும் அவள் பொத்தானை அழுத்தினாள். உருளை பெரிதாக உறுமிக்கொண்டு நேராக ஏறியது. மோட்டார் அணைந்த இடத்திலேயே, சுவரில் முட்டியதுபோல் நின்று, தட்டாமாலை சுற்றி, கோதுமைத் தாள்கட்டைகளுக்கு நடுவே சொத்தென்று விழுந்தது. வரிசையாக நின்ற வண்டிகள் பாராட்டி ஹாரன் அடித்தன. ட்வைலா தானே ஓடிப்போய் எடுத்துவந்தாள். ஒரு கீறலும் கூடுதலாக இல்லை.

வெர்லின் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"நல்லாத்தான் போச்சு. ஆனா உச்சியில லேசா ஆடுச்சு, கவனிச்சியா?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறான். களிமண் வழவழப்பாக, கூராக, அழகான ராக்கெட் முனையாக மாறியிருந்தது.

அதை வாங்கி அவனுடைய சில்லிக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு, உருளையை மறுபடி ஏவ அடுத்த மோட்டார் வாங்கப் போனாள்.