நின்றவனுக்கு ஒரு தோட்டா

முட்டி விண்விண் என்று தெறித்தது. மரக்கிடங்கின் பலகை அடுக்குகளுக்கு நடுவே ஆறாவது முறை ஓடி முடித்து, மூட்டைக்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் மச்சான், பொண்டாட்டியின் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே கிடங்கில் சுமை தூக்கியவர்கள். அதை மூடி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது சினிமாவில் ஓடுகிறார்கள்.

படத்தில் பன்னிரண்டு பேரைத் துப்பாக்கிக்காரர்கள் துரத்தித் துரத்திச் சுடுகிறார்கள். இந்த வேட்டைக்குப் படப்பிடிப்பு பத்து நாள். இன்று செத்தவனின் முகம் படத்தில் பதிந்துவிடும், நாளை அவனுக்கு வேலை கிடையாது. உயிரோடு இருப்பவனுக்குத்தான் பத்து நாளும் சோறு.

முதல் நாள் சாக வேண்டியவன் ஒரு பெயின்டர். அவன் ஒழுங்காகத்தான் விழுந்தான். கெடுத்தது மூட்டைக்காரன். தாண்டி ஓட வேண்டியவன், ஒவ்வொரு தடவையும் நின்று பெயின்டரின் அக்குளில் கை கொடுத்துவிட்டான். இருபது வருஷப் பழக்கம். முன்னால் போகிறவனுக்குக் கால் மடங்கினால் தன் மூட்டையை எறிந்துவிட்டு அவனைத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து போய்விடும். யோசிக்கும் முன்னே கை போய்விடுகிறது.

டைரக்டர் கத்தவில்லை. இனி எவன் நின்றாலும் அவனையும் சேர்த்துச் சுட்டுவிடு என்று துப்பாக்கிக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"மாப்ள, எவன் விழுந்தாலும் உனக்குக் கண்ணு தெரியாது. நான் விழுந்தாலும்தான்" என்றான் மச்சான்.

"நீ விழுந்தா மிதிச்சுட்டே போவேன்."

ஓடினார்கள். வெடி கேட்டது, பெயின்டர் விழுந்தான். மூட்டைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். ஊன்றிய காலில் முட்டி மடங்கியது. முகம் மண்ணில் படுமுன் ஒரு கை அவன் அக்குளைப் பிடித்துத் தூக்கி முன்னால் தள்ளியது. ஓடினான். பின்னால் இரண்டாவது வெடி.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சிவப்புச் சாயத்தோடு மச்சான் மல்லாந்து கிடந்தான்.

"ஏன் நின்ன?"

"நான் எங்க நின்னேன்? கைதான் நின்னுச்சு."

மச்சான் சாயத்தைக் கழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினான். அவன் வீட்டு அடுப்பும் இதே வேலையைத்தான் நம்பியிருந்தது. மூட்டைக்காரன் தன் கூலியில் பாதி கொடுக்கலாம். வாங்க மாட்டான். அதோடு இது கூலியால் தீரும் கடனும் இல்லை.

இன்னும் ஒன்பது நாள் மூட்டைக்காரன் ஓட வேண்டும். மச்சானுக்கு அவன் திருப்பித் தர வேண்டியது ஒரு சாவு.