தங்காக்கிலிருந்து ஓர் அண்ணன்

பச்சை மூங்கில் இரண்டையும் வெள்ளையம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் வாய்க்காலில் தள்ளினாள். கூட வந்திருந்த தென்னோலையையும் காலால் எத்திவிட்டாள். பாடை கட்ட வந்த ஆள் வாயைப் பிளந்தபடி நின்றான்.

"யாரு கேட்டா ஒங்கிட்ட மூங்கிலு?"

"பெரிய கங்காணிதான் குடுத்துவிட்டாரு. வெயில் ஏறதுக்குள்ள எடுத்துரணுமாம்."

"எப்ப எடுக்குறதுன்னு நான் சொல்லுவேன். போய்ச் சொல்லு அவருகிட்ட."

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே அவள் புருஷன் காளியப்பன் கோரைப்பாயில் கிடந்தான். நான்கு நாள் காய்ச்சல். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் தொட்டுக்கூடப் பார்க்காமல் கசப்புத் தண்ணீரைக் கொடுத்து வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் காலையில் பெரிய கங்காணி வீட்டுக்குள்ளேயே வந்து, போர்வையைப் பிடுங்கி எறிந்து, ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கு அவனை ஓட்டிக்கொண்டு போனார். ஒன்பது மணிக்கு மரத்தடியில் விழுந்தவனை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. போர்வை இன்னும் அந்த மூலையிலேயே கிடந்தது. வெள்ளையம்மா அதை எடுக்கவும் இல்லை, யாரையும் எடுக்க விடவும் இல்லை.

கங்காணிக்கு என்ன அவசரம் என்று அவளுக்குத் தெரியாதா? லயத்தில் பிணம் கிடந்தால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது, ஒரு ஆளும் ரப்பர் மரத்தில் பால் வெட்ட இறங்கமாட்டான். பெக்கோக்குப் பக்கத்தில் காட்டை அழித்து அந்தத் தோட்டம் போட்ட நாளிலிருந்து நடக்கிற வழக்கம் அது. துரையே வந்து நின்றாலும் அதில் கைவைக்க முடியாது. இன்னொன்றும் இருந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து நின்று பேசினாலே "என்னடா கூட்டம்?" என்று பிரம்பைத் தூக்கிக்கொண்டு வருகிற தோட்டத்தில், நாற்பது வீட்டு ஆட்களும் கேள்வி இல்லாமல் கூட முடிந்த ஒரே இடம் சாவு வீடுதான்.

காளியப்பன் இரண்டு மாதமாக அந்த ஒரு கூட்டத்துக்குத்தான் அலைந்தான். காய்ச்சல்காரனை அடித்து இழுத்துப் போகிறார்களே, எல்லாரும் சேர்ந்து ஜொகூர் பாருவில் கூலியாட்களின் குறை கேட்கிற சர்க்கார் லேபர் துரைக்கு ஒரு மனு எழுதுவோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். "ஆகட்டும் பாக்கலாம்" என்றார்களே தவிர ஒருத்தரும் வரவில்லை. இன்றைக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள். பிணத்தை எடுத்துவிட்டால் கலைந்துவிடுவார்கள், நாளைக்கு விடிந்தால் பழைய குருடிதான். அதனால் எல்லாரும் கைநாட்டு வைக்கிற வரைக்கும் பிணத்தை எடுக்க விடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்றார்.

"என்னம்மா இது? செத்தவன வச்சுக்கிட்டு என்ன வீம்பு?"

"வீம்பு இல்லீங்க. எங்கண்ணன் வரணும். தங்காக்குல இருக்கு. பொறந்த வீட்டுக் கோடிச் சேல போடாம எப்பிடி எடுக்கச் சொல்றீங்க?"

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கு ஒரே அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வாந்திபேதி கண்டு செத்தான். சாக்கில் சுற்றிக் கடலில் இறக்கியதை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தங்காக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தூரத்து ஊர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள்.

கங்காணி கண்ணைச் சுருக்கினார். கோடி போடாமல் எடுக்கச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவர் பெண்சாதிக்கும் நாளைக்கு அந்தக் காரியம் வரும்தானே. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளிடம் திரும்பினார்.

"ஏ பேச்சி, நீயும் அவளும் ஒரே கப்பல்லதான வந்தீங்க? இவளுக்கு அண்ணன் இருக்கானா?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். குழாயடியில் ஒரு தகர வாளிக்காக வெள்ளையம்மாவும் பேச்சியம்மாளும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை. சாவு என்பதால் வந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினாள்.

"இல்லாம? கறுப்பா, நெட்டையா இருப்பாரு. பொல்லாத கோவக்காரரு. அவரு வராம எடுத்தீங்க, நாளைக்கு ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. அப்பறம் பேச்சி சொல்லலன்னு சொல்லக் கூடாது."

சுற்றியிருந்த நாற்பது வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு அண்ணன் செத்த கதை தெரியும். ஒருவர்கூட முகத்தை அசைக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும்" என்றார் கங்காணி. "நாளைக்கும் பால் போச்சுன்னா தொரை என் தோல உரிச்சுருவாரு. டேய் வேலு, என் சைக்கிள எடுத்துக்கிட்டு பெக்கோக்குப் போயி தந்தி அடிச்சுட்டு வா."

தன் சைக்கிளையே கொடுத்தார், மகராசன்! லயத்துப் பையன் வேலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது வெள்ளையம்மா கும்பிடுவதுபோல் கிட்டப் போனாள்.

"தந்தி கிந்தி ஒண்ணும் வேணாம். அபூபக்கர் பாய் கடைக்குப் போ. நடந்ததச் சொல்லு. ஒரு கடுதாசி வெளிய போகணும், சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லு."

தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி கையால்தான் போகும். பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். மாதம் ஒரு தரம் சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்கிற பாயைத் தவிர, அவள் நம்பி வெளியே கொடுத்து அனுப்ப வேறு ஆள் இல்லை.

கங்காணி தலை மறைந்ததும் வெள்ளையம்மா வாசல்படியில் நின்றாள்.

"உசுரோட இருந்தப்ப கூப்பிட்டாரு, ஒருத்தரும் வரல. இப்ப எல்லாரும் வந்திருக்கீங்க. பேசுங்க. பேசி முடிக்காம அவர நான் குடுக்க மாட்டேன்."

கனகராஜ்தான் ஆரம்பித்தான். நான்கு பிள்ளைக்காரன், பயந்தவன்.

"பேசலாம்மா. எழுதலாம். மறுநா காலையில வீட்டக் காலி பண்ணுன்னு சொல்லித் தொரை ஊருக்குக் கப்பலேத்திருவானே, அப்ப யாரு காப்பாத்துவா? போன வருசம் ரப்பர் வெல விழுந்தப்ப எத்தன பேர ஏத்தி அனுப்புனான்?"

"அந்த லேபர் தொரையும் வெள்ளக்காரன்தான?" என்றது இன்னொரு குரல்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மனோகரன் எழுந்தான். "சட்டப் பொஸ்தகம்னு ஒண்ணு இருக்குங்க. காய்ச்சல்காரன ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு அதுல போட்டிருக்கு."

"பொஸ்தகத்துல போட்டதெல்லாம் மரத்தடியில செல்லுமா வாத்தியாரே?"

"செல்ல வைக்கணும். செல்லலன்னு நாம இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கமா?"

"தொரைகிட்டயே போயி நயமாக் கேட்டா?" என்றார் ஒரு பெரியவர்.

"கேட்டாரே!" வெள்ளையம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "பங்களா வாசல்ல துண்டக் கையில புடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னாரு. நாய அவுத்துவிடுவேன்னாங்க. இன்னும் என்ன நயம்?"

தூரத்தில் கங்காணியின் ஆள் தெரிந்தான். பேச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று ஒப்பாரியை எடுத்தாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். போர்வையைப் பிடுங்கிய கை புழுத்துப்போக என்று ராகத்தோடு இழுத்தாள். வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். ஒப்பாரி அப்படியே நின்றது, பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்றைக்கு உச்சிவேளைக்குள் ஐந்து தரம் இப்படி நடந்தது.

பேசப் பேச ஆட்களுக்கு வாய் வந்தது. காய்ச்சல்காரனை வேலைக்கு இழுக்கக் கூடாது என்றார்கள். கேட்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றார்கள். கைநீட்டக் கூடாது, அதிலும் பெண்கள் மேல் நீட்டவே கூடாது என்று மூலையிலிருந்த ஒரு சின்னப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதும் அவள் புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அழுதான். நாலு பேர் கூடிப் பேசினால் பிரம்பைத் தூக்கக் கூடாது என்று கனகராஜே சொன்னான்.

"இதெல்லாம் கேக்க நமக்கு என்ன உரிமைன்னு கேப்பானே, என்ன எழுதுறது?" என்றார் பெரியவர்.

"மனுசங்கன்னு எழுதுங்க" என்றாள் வெள்ளையம்மா. "வேறென்ன?"

மனோகரன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி, உரக்கப் படித்தும் காட்டினான். அதன் பிறகுதான் சங்கடம் வந்தது. முதல் கைநாட்டு யாருடையது? முதலில் வைத்தவனைத்தான் துரை முதலில் பிடிப்பான். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். கனகராஜ் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"ஏன்யா வரிசையா வைக்கிறீங்க?" என்றாள் பேச்சியம்மாள். "கோலம் மாதிரி வட்டமா வையுங்க. எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சதுன்னு எவன் கண்டுபுடிப்பான்?"

மனோகரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். படித்தவனுக்கு அது தோன்றவில்லையே!

"மை?" என்று யாரோ கேட்டார்கள். மனோகரனின் குப்பியில் ஒட்டியிருந்த மையெல்லாம் எழுதியே தீர்ந்திருந்தது.

வெள்ளையம்மா உள்ளே போனாள். தகரப்பெட்டியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். கல்யாணத்துக்கு அவன் வாங்கிக் கொடுத்த சிமிழ். பக்கத்தில் படுத்திருந்தவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே வந்து, தேங்காயெண்ணெயை விட்டு விரலால் குழைத்தாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ற?" என்று பெரியவர் பதறினார்.

"பொணத்த எடுக்குற வரைக்கும் இது என்னுது. அதுக்கப்பறம் எனக்கு எதுக்கு இது?" என்றாள். "வையுங்க."

கனகராஜ்தான் முதலில் வந்து குனிந்தான்.

மத்தியானம் போய் வெயில் சாய்ந்தது. தாளில் சிவப்பு வட்டம் முடிந்திருந்தது, எழுதத் தெரிந்த மனோகரனுடையதும் சேர்ந்து. வேலு எப்போதோ திரும்பிவிட்டான். "பாய் வரேன்னாரு" என்றான், அவ்வளவுதான். கங்காணி பிரம்பைத் தொடையில் தட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கு எதிரிலேயே ஆட்கள் மலாய்க்காரர்களின் கம்பத்துப் பக்கம் போய்த் தாங்களே வெட்டிவந்த மூங்கிலில் பாடை கட்டினார்கள்.

நான்கு மணிக்குச் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அபூபக்கர் பாய் வழக்கமான துணி மூட்டை இல்லாமல் வந்தார். கையில் பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் மட்டும் இருந்தது. செருப்பை வாசலுக்கு அப்பால் கழற்றிவிட்டு நேரே வெள்ளையம்மாவிடம் வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை.

"தங்கச்சி," என்றார், "அண்ணன் கோடி கொண்டாந்திருக்கேன். வாங்கிக்கம்மா."

கடிதம் கொண்டுபோகத்தான் அவள் கூப்பிட்டிருந்தாள். இதை அவள் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக அவளை யாரும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. காலையிலிருந்து கல்லாக நின்றவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கப்பலில் அழ முடியாததையும் சேர்த்து அழுதாள்.

"இவரு பெக்கோக்குக் கடைக்காரப் பாய்ல்ல?" கங்காணிக்கு முகம் கறுத்தது. "இவரா அண்ணன்?"

"தங்கச்சி வீட்டுல எழவு. நான் வராம வேற யாரு வருவா?" என்றார் பாய், குரலை உயர்த்தாமல்.

"ஏ பேச்சி! கறுப்பா, நெட்டையான்னு சொன்ன?"

பாய் குள்ளம். பழுத்த எலுமிச்சம்பழ நிறம். பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயசாச்சுல்லங்க கங்காணி. வெளுத்துக் குறுகிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. "நம்ம வழக்கத்துல..." என்று பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு அவரே, "அண்ணன் வந்தாச்சு. சங்க ஊதுங்கப்பா" என்று முடித்தார். நாற்பது வீடும் எழுந்து நின்றது. கங்காணி கையிலிருந்த பிரம்பு சும்மா தொங்கியது.

புடவையைக் கையில் வாங்கிய வெள்ளையம்மா, அது சுற்றி வந்த பழுப்புத் தாளை மடித்து அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே மனு இருந்தது. பாய் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காளியப்பன் கால்மாட்டில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சைக்கிளில் ஏறினார்.

பாடை கிளம்பியது. ஆபீஸைக் கடக்கும்போது தலைத்துண்டை அவிழ்ப்பதுதான் தோட்டத்துச் சட்டம். அன்றைக்கு யாரும் அவிழ்க்கவில்லை. அதட்டுவதற்காகக் கிட்டே ஓடிய கங்காணியின் மூக்குக்கு நேரே மூங்கிலைப் பிடித்த கைகள் போயின. கட்டைவிரல்கள் சிவந்திருந்தன. பின்னால் வந்தவர்களின் விரல்களையும் பார்த்தார். சட்டென்று திரும்பிச் செம்மண் பாதையைப் பார்த்தார். அங்கே சைக்கிள் இல்லை.

லயத்தில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். வெள்ளையம்மாவைக் குளிக்கவைக்கக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்கள். பேச்சியம்மாள் அந்தத் தகர வாளியிலேயே தண்ணீர் பிடித்து வைத்தாள். வெள்ளையம்மா இடது கையால் சிரட்டையில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். வலது கை முஷ்டியாக மூடியிருந்தது, குங்குமம் ஒட்டிய கட்டைவிரல் உள்ளே. பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சிரட்டையை வாங்கி, தானே ஊற்ற ஆரம்பித்தாள்.