உப்புப் பார்க்க ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் உவைஸ் சவூதியில், தம்மாமில் ஒரு ஓட்டலில் பதினெட்டு வருஷம் சமையல்காரராக இருந்தார். அவர் சமைத்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். எங்கள் தென்காசித் தெருவில் பாதி வீட்டில் இதுதான் கதை. வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளை லீவில் வந்தால் அவர் விருந்தாளி. அவரை அடுப்படிப் பக்கம் விட்டால் பெண்டாட்டிக்குத்தான் கேவலம். இவரும் வருவார், நெய்ச்சோறும் கறியும் சாப்பிடுவார், கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். போனில் "இன்னைக்கு என்ன சமைச்சிய?" என்று கேட்டால் "என்னத்த, சைனீஸ்தான்" என்பார். ஏதோ நூடுல்ஸ் கிண்டுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஆள் பாதியாகத் திரும்பி வந்தார். எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஏற்கவில்லை. மதுரையில் ஒரு பெரிய டாக்டர் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, கோதுமை ஆகாது என்றார். அதில் இருக்கிற குளூட்டன் என்கிற சத்து இவர் குடலை அரித்துக்கொண்டிருக்கிறதாம், ஆயுசுக்கும் தொடக்கூடாதாம். பரோட்டா போச்சே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சோயா சாஸ், டாக்டர்?" அதிலும் கோதுமை உண்டு என்று பதில் வந்ததும் இவர் முகம் செத்துப்போனது. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சாஸை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் இவர் வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அரிசியைத் தவிர வேறு எதையும் கண்ணில் காட்டாமல் பார்த்துக்கொண்டேன். அப்படியும் சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். ரசம் வைத்த நாளெல்லாம் அப்படி ஆகிறது என்று புரிவதற்கே எனக்கு மாசக்கணக்காயிற்று. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், எறும்பு எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது! காயத்துக்குள் கோதுமை இருக்கும் என்று எவளாவது நினைப்பாளா? டப்பாவைத் தூக்கித் தெருவில் வீசினேன். ஆனால் அன்றோடு இவருக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. கோதுமை சேராத சோயா சாஸ் என்று ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து முன்னால் வைத்தேன். மூடியைக்கூடத் திருகவில்லை.

"பாட்டில்ல எழுதியிருக்கத நம்பி இன்னொரு தடவ என்னால படுக்க முடியாது, பாஹிமா" என்றார்.

தம்மாமிலிருந்து இவர் கொண்டுவந்த பெட்டியில் துண்டில் சுற்றி ஒரு நீளக் கரண்டி இருந்தது. கைப்பிடி தேய்ந்து இவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி ஆகியிருந்தது. குற்றாலச் சீசன் தொடங்கி ஒரு வாரத்தில் அதை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுரு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேலை போனவரைப் பார்த்திருக்கிறேன். தன்னையே கழித்துப் போடுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கரண்டி போனால் இந்த மனுஷனும் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன்.

சீசன் முழுக்க நானும் குழல்வாய்மொழி ஆச்சியும் ஐந்தருவி போகிற வழியில் பஜ்ஜிக் கடை போடுவது வழக்கம். ஆச்சி சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார், ஆனால் மற்ற எல்லாச் சொல்லும் அந்த வாயில் வரும். இவரையும் வீட்டில் தனியாக விட மனசில்லாமல் கூட்டி வருவேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண்ணெய் சத்தம் கேட்டால் தோள் மட்டும் லேசாக அசையும்.

முஹர்ரம் மாசத்து ஆஷூரா நோன்பு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் நோன்பு வைத்திருந்தேன். உடம்பு இருக்கிற இருப்புக்கு இவரை வைக்கவேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மத்தியானத்துக்கு மேல் மலையில் மழை கொட்டி, அருவி செம்மண் நிறத்தில் இறங்கியது. குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். வண்டி வண்டியாக வந்த கூட்டம் வண்டி வண்டியாகத் திரும்பிப் போனது. கடையில் ஈ இல்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆச்சி, பின்னால இருக்க பெரிய அடுப்ப எனக்குக் குடுங்க. எறாலு செய்யணும்."

"ஏட்டி, நம்ம கடையிலயா?"

"புதுச் சட்டி கொண்டாந்திருக்கேன். உங்க சாமான் ஒண்ணையும் தொடமாட்டேன்."

ஆச்சி இவர் முதுகை ஒரு பார்வை பார்த்தார். "நெருப்புக்கு என்ன சைவம் அசைவம்? செய்யி. நான் மூக்கப் பொத்திக்கிடுதேன்" என்று முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அடுப்பையும் மேடையையும் இரண்டு தடவை கழுவித் துடைத்தேன். வேண்டுமென்றே இவர் நாற்காலிக்கு நேர் எதிரே தரையில், வீட்டிலிருந்து எடுத்து வந்த சின்ன அடுப்பைக் கொண்டுபோய் வைத்தேன். இனி இவர் முகத்தைத் திருப்புவதென்றால் பெரிய அடுப்பைத்தான் பார்த்தாக வேண்டும். கேரள எல்லையில், புளியறையில் வாங்கிய கொடம்புளியை ஊறவைத்திருந்தேன். மையாகக் கறுத்த அந்தத் தண்ணீரைச் சின்ன அடுப்பில் வைத்த பாத்திரத்தில் ஊற்றினேன். காலையில் சுத்தம் செய்த தூத்துக்குடி இறாலின் தலைகளை வறுத்து, அவித்து, வடிகட்டிக் கொண்டுவந்திருந்த சாற்றைச் சேர்த்தேன். கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். கல்லுப்புப் போட்டேன். ஒவ்வொன்றையும் இவர் கண்ணெதிரே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போட்டேன். இவர் கண்ணை எடுக்கவில்லை. வற்ற வற்றச் சாறு கெட்டியாகி, சோயா சாஸ் மாதிரியே பளபளவென்று கறுத்து வந்தது.

"மச்சான், உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"நீ பாரு."

"நான் நோம்பு."

"நாக்கு நுனியில வச்சுத் துப்பிரு. தப்பில்லன்னு சொல்லுதாவல்லா."

"எனக்கு மனசு ஒப்பாது. நோம்பு நாள்ல வீட்டுல உப்புப் பாக்கதுக்குன்னு ஒரு ஆள் இருக்கும். ஒண்ணு சின்னப் பிள்ள, இல்லன்னா சீக்காளி. நம்ம வீட்டுச் சீக்காளி நீங்கதான்."

"ஆச்சியப் பாக்கச் சொல்லு."

முன்பக்கத்திலிருந்து ஆச்சி சத்தம் போட்டார். "எறாத் தல போட்ட தண்ணிய நான் நாக்குல வைக்கவா? நல்லா இருக்கு தம்பி ஞாயம்!"

வேறு ஆள் இல்லை. நான் அகப்பையை நீட்டிக்கொண்டே நின்றேன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் இருந்தது பயம், வேறொன்றும் இல்லை. ஒரு துளி தப்பாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் வெளியே இருந்து பார்த்தவள், அவர் அனுபவித்தவர். இன்றைக்கு இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் கொடுக்கிற தண்ணீரைக்கூட இனி நம்ப மாட்டார்.

"இதுல என்னல்லாம் இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய. நீங்களே சொல்லுங்க."

"கொடம்புளி. எறாத் தலைச் சாறு. கருப்பட்டி. கல்லுப்பு." மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு, "அவ்வளவுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"உப்பு பத்தல" என்றார். நான் கல்லுப்பை எடுத்தேன். "ஏட்டி, இரு! இப்பப் போடாத. எறாலோட சேந்து வத்தும்போது தானா ஏறும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் இவர் என்னிடம் பேசியதில்லை. அது அதட்டல்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எழுந்தே விட்டார். புதுச் சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இத யாரு பழக்குனா?"

"நான்தான். ஒரு வாரமா எண்ண தடவிக் காய்ச்சித் தொடச்சிக்கிட்டு இருக்கேன்."

"பரவாயில்லயே" என்றார். பிறகு, "கரண்டிக்கு என்ன செய்ய?" என்றார். நான் பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தேன். வாங்கிக் கைப்பிடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். ஏன் ஒளித்துவைத்தாய் என்று கேட்கவில்லை. "நோம்பு தொறக்கப் பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நான் செல்போனைக் காட்டினேன். அதை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, பூண்டை நசுக்கினார், இஞ்சியையும் மிளகாயையும் நறுக்கினார், வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கு வெட்டினார். இறாலைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தார். எல்லாவற்றையும் கை எட்டுகிற தூரத்தில் வரிசையாக வைத்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். சீக்கிரம் பற்றவையுங்கள் என்று நான் பறந்தேன். இவர் காதிலேயே வாங்கவில்லை, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று குனிந்து அடுப்பைப் பற்றவைத்து முழுசாகத் திறந்தார். அந்தப் பெரிய அடுப்பு போட்ட இரைச்சலில் அருவிச் சத்தம் காணாமல் போனது. சட்டி புகைந்தது. எண்ணெய் சுழன்றது. பூண்டு விழுந்தது, இறால் விழுந்தது. கரண்டி போகிற இடம் எனக்குத் தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. ஒரு உதறு உதறினார். அடுப்பிலிருந்த தீ சட்டிக்குள் ஏறி இவர் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. நான் "யா அல்லாஹ்" என்று பின்னால் நகர்ந்தேன். இவர் நகரவில்லை. அந்தத் தீக்குள் இறால் எல்லாம் ஒன்றாக எழும்பி, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூட வெளியே சிந்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த உடம்பு இதுவா? கால் இரண்டும் தரையில் ஊன்றி நிற்க, இடுப்பிலிருந்து மணிக்கட்டு வரை எல்லாம் ஒரே அசைவாக இருந்தது.

நான் காய்ச்சிய கறுப்புச் சாற்றை இவர் இறால் மேல் ஊற்றவில்லை. சட்டியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றினார். சூட்டில் அது பொரிந்து கருகிக் கீழே ஓடியபோது கிளம்பிய வாசனையை என்னால் எழுத முடியாது. வீட்டில் ஒரு வாரமாக, இவர் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சாற்றைக் காய்ச்சிப் பழகியவள் நான். அதற்குள் இப்படி ஒரு வாசனை இருந்தது எனக்குத் தெரியாது. வெங்காயத்தாளைப் போட்டு இரண்டு புரட்டு. அடுப்பை அணைத்தார். ஒரு வெங்காயம் உரிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"சுப்ஹானல்லாஹ்" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஆச்சி எங்கள் பின்னால் வந்து நிற்கிறார். முந்தானை எப்போதோ மூக்கிலிருந்து நழுவியிருந்தது.

தட்டில் கொட்டி இவர் என் கையில் கொடுக்கவும், செல்போனில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. இதற்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஆறிப்போன இறாலைக் கொடுத்து என்னை நோன்பு திறக்கவிடக் கூடாது என்று.

பேரீச்சம்பழம், ஒரு வாய்த் தண்ணீர், அப்புறம் இறால். வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே அத்தனை மென்மை. உப்பு, இனிப்பு, புளிப்பு எல்லாம் இருந்தது, ஒன்று இன்னொன்றை மிதிக்கவில்லை.

"உப்புச் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

பதினெட்டு வருஷம் இந்தத் தீ முன்னால் நின்றுவிட்டு, போனில் என்னத்த, சைனீஸ்தான் என்று சொல்லியிருக்கிறார். யார் யாரோ தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். பெண்டாட்டி நான் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. "உப்பு பத்தாமப் போச்சோ?" என்று ஆள் பதறிப்போய்த் தானே ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டார். போட்ட பிறகுதான் யோசித்தார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

அன்று ராத்திரி நான் எங்கே தூங்கினேன்? இவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்தேன். இவர் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சுபுஹு தொழுகைக்கு எழுந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, "பசிக்குது" என்றார்.

காலையில் தெருவில் இரும்புக்காரன் சத்தம் கேட்டது. எனக்குக் குறும்பு வந்துவிட்டது. கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "மச்சான், போட்டுரட்டா?" என்றேன்.

"போடு. ஆச்சி கடையில வளஞ்சு போயி ஒரு கரண்டி கெடக்கே, அதக் கொண்டாந்து போடு. அதுல மனுசன் சமைப்பானா?"

சொல்லிவிட்டு என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். மாமியார் இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கொடம்புளி மிச்சம் இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்போ இங்கன வா" என்றார். "இன்னைக்கு நீ நோம்பில்லல்லா? நீதான் உப்புப் பாக்கணும்."