பாலத்துக்கு அந்தப் பக்கம்

கல்யாணமான புதிதில் நான் குடித்தனம் நடத்தியது ப்ரேபன் என்ற ஐம்பத்தெட்டு வயது பஸ் டிரைவரோடு. என் கணவன் வில்மர் அப்போது பெரு நாட்டில், அரெகிப்பா நகரத்தில், அண்ணனோடு சேர்ந்து சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். ப்ரேபனின் மனைவி லுவால்ஹாத்தி பிலிப்பைன்ஸில், படாங்காஸ் பக்கம் ஒரு கடலோர ஊரில் இருந்தாள். எனக்கும் ப்ரேபனுக்கும் சொந்த நாடு டென்மார்க், வேலை கோபன்ஹேகனில். வீடு மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனில், மால்மோவில்.

அப்போது வந்திருந்த சட்டம் அப்படி. இரண்டு பேருக்கும் இருபத்து நாலு வயது நிரம்பாமல் வெளிநாட்டுத் துணையை டென்மார்க்குக்குக் கூப்பிட முடியாது. எனக்கு இருபத்திரண்டு. ப்ரேபனுக்கு வயது தாராளமாக இருந்தது. ஆனால் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பார்த்தால் வேறு எந்த நாட்டையும்விட டென்மார்க்கோடுதான் அதிக ஒட்டுதல் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதில் அவர் தேறவில்லை.

"முப்பது வருஷமா கோபன்ஹேகன் தெருவையே சுத்திச் சுத்தி வந்திருக்கேன். இதுக்கு மேல ஒட்டணும்னா பசைதான் வாங்கித் தடவிக்கணும்" என்பார்.

ஸ்வீடனில் போய்க் குடியிருந்தால் கதை வேறு. ஐரோப்பியச் சட்டப்படி அங்கிருந்து துணையைக் கூப்பிடலாம். அதனால் என்னைப் போல, அவரைப் போல, நூற்றுக்கணக்கானவர்கள் அந்த வருஷங்களில் பாலம் தாண்டி மால்மோவுக்குக் குடிபோனோம். காலையில் ரயிலேறி டென்மார்க்குக்கு வேலைக்குப் போவது, மாலையில் ஸ்வீடனுக்குத் தூங்க வருவது. வாடகை தனியாகக் கட்டுப்படியாகாது என்று ஆளுக்கொரு அறையாக அந்த மூன்றாம் மாடி வீட்டை எடுத்தோம். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் என் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருந்ததைப் பார்த்துக் கீழ்வீட்டு ஸ்வீடன்கார அம்மாள் முதல் மாதம் முழுக்க எங்களைக் கணவன் மனைவி என்றே நினைத்திருந்தாள். அவள் ப்ரேபனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூட மரியாதை இல்லை. அவர் அதைத் திருத்தவும் இல்லை.

"விடு ட்ரீனே. இந்த வயசுல என்னப் பத்தி ஒருத்தி கெட்டதா நினைக்கிறதே பெரிய விஷயம்."

லுவால்ஹாத்தி ஒரு தூதரகக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்துகொண்டு கோபன்ஹேகனில் நாலு வருஷம் இருந்தவள். தினம் காலையில் ப்ரேபனின் பஸ்ஸில்தான் ஏறுவாள். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் இருக்கை காலியாக இல்லாவிட்டால் நின்றுகொண்டே வருவாளே தவிர, பின்னால் போக மாட்டாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் ப்ரேபன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிடுவார். அந்தக் குடும்பம் நாடு திரும்பியபோது அவளும் போக வேண்டியதாயிற்று. விடுமுறையில் இவர் பின்னாலேயே போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வந்தார்.

என் கதை இன்னும் சின்னது. பள்ளி முடித்துவிட்டு அரெகிப்பாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்யப் போனேன். சைக்கிள் சங்கிலி அறுந்தது. அவ்வளவுதான்.

சமையலறையில் இருந்த தொலைபேசிதான் எங்கள் வீட்டுக்குக் கோயில் மாதிரி. மனு போட்ட ஸ்வீடன் அலுவலகத்தைக் கூப்பிட்டால், வரிசையில் எத்தனையாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். பிறகு பாட்டு போடும். ப்ரேபன் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். பன்றிக்கொழுப்பு வறுபடும், பார்ஸ்லிக் கீரைக் குழம்பு கொதிக்கும், அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். ஒருநாள் நான் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்தபோது, கையில் கரண்டியோடு அந்தப் பாட்டுக்குத் தனியாக நடனமாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"பதினெட்டாவது ஆளா இருக்கேன். இன்னும் ரெண்டு பாட்டு ஆடலாம். வா."

ஆடினேன். ஈரச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கியூ நகர்ந்து ஆள் பேசினாலும் பதில் ஒன்றுதான்: இன்னும் பார்வைக்கு வரவில்லை, காத்திருங்கள். ஆறு மாதம் என்றார்கள், எட்டு என்றார்கள், பிறகு மாதக் கணக்கு சொல்வதையே விட்டுவிட்டார்கள். அரெகிப்பாவில் வில்மரின் அம்மா, "அந்தப் பொண்ணு நிஜமாவே இருக்காளா, இல்ல நீயே கற்பனை பண்ணிக்கிட்டியா" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். தொலைபேசி அட்டை தீரும் கடைசி நிமிடத்தில் அவன் அவசரமாகச் சொல்வான், "ஒல்லிக்குச்சி, ஒழுங்கா சாப்பிடு." அவர்கள் ஊரில் அதுதான் கொஞ்சல். லுவால்ஹாத்தி ப்ரேபனை 'மஹால்' என்பாள். அன்பே என்று அர்த்தமாம். தொப்பையோடு ஒரு மஹால்.

இரண்டாவது இலையுதிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ப்ரேபன் வரிசையில் காத்திருந்து தன் மனு எண்ணைச் சொன்னார். மறுமுனைப் பெண், "இது முடிஞ்சிருச்சே. அனுமதி குடுத்தாச்சு. கடிதம் வந்துடும்" என்றாள். ப்ரேபன் தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் லுவால்ஹாத்தியைக் கூப்பிட்டார். அவள் கத்திய கத்தலில் பின்னாலிருந்த நாய்கள் குரைத்தது எனக்குக் கேட்டது. அந்த வாரமே அவள் பள்ளிக்கூட உணவகத்து வேலையை விட்டாள். ஊரைக் கூட்டி முழுப்பன்றி சுட்டு விருந்து வைத்தாள். பாதிரியார் வந்து பயணத்துக்காக ஜெபம் செய்தார். மைத்துனி குளிர்கோட்டு வாங்கித் தந்தாள். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். ப்ரேபன் அதை நூலகத்தில் அச்செடுத்துவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினார். அறைக்கு வெள்ளையடித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் மனு அவருடையதற்கு முன்னால் போட்டது.

கடிதம் வரவில்லை. ஒரு வாரம், இன்னொரு வாரம், பிறகு முதல் பனி விழுந்தது. நேரில் போய்க் கேட்போம் என்று நானும் அவரோடு கிளம்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல மனசுக்காரி ஒருத்தி இருந்தாள். ப்ரேபன் எண்ணைச் சொன்னார். அவள் தேடினாள்.

"பேரு ஆல்மோவிச்சா?"

"இல்ல. ராவ்ன். ப்ரேபன் ராவ்ன்."

அவள் தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுதியதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசி இரண்டு இலக்கம் தொண்ணூற்றிரண்டு. ப்ரேபன் அங்கே பேசுவது டேனிஷில்தான், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். டேனிஷில் அந்த எண்ணைச் சொன்னால் 'இரண்டும் அரை ஐந்தும்' என்கிற மாதிரி வரும். எங்கள் எண்கள் எல்லாமே அப்படிக் கோணல்தான். ஸ்வீடன்காரர் காதில் அந்த இரண்டும் ஐந்தும் மட்டும் விழும். ஐம்பத்திரண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். தொலைபேசியில் பேசிய பெண்ணும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அனுமதி கிடைத்தது வேறு யாருக்கோ.

"அப்ப என்னோடது?"

"கியூவில இருக்குங்க. இன்னும் யாரும் எடுத்துப் பாக்கல" என்றாள். அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

வெளியே வந்து நின்றோம். காற்று கடலிலிருந்து குத்தியது. ப்ரேபன் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த ஐம்பத்திரண்டு யாரா இருக்கும்?" என்றார்.

"தெரியல."

"இந்நேரம் ஒண்ணாச் சேர்ந்திருப்பாங்க. சரி, இருக்கட்டும்."

டிராம் இல்லாத அந்த ஊரில் நடந்தே வந்தோம். வழியில் ஃபலாஃபெல் கடையில் சுடச்சுட இரண்டு கடலைவடை ரொட்டி வாங்கினார். தன்னுடையதைச் சாப்பிடவில்லை, கை சூட்டுக்காகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அன்று அவர் லுவால்ஹாத்தியிடம் சொன்னபோது நான் என் அறைக்குப் போய்விட்டேன். சுவர் மெல்லியது. அவர் ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். கடைசியில் அவர், "நீ ஏன் சிரிக்கிற?" என்று கேட்டார். அவள் சிரித்தாளா, சிரிக்கிற மாதிரி அழுதாளா என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் சொன்னார்.

"பன்னியத் திருப்பிக் குடுக்க முடியாதே மஹால்ங்கிறா. ஊரே வயித்துல போட்டுக்கிச்சே, இனி எங்க தேடுறதுங்கிறா."

சிரிப்பு கொஞ்ச நாள்தான் தாங்கியது. பன்றி தின்ற ஊர் சும்மா இருக்குமா? சந்தைக்குப் போனால், "என்ன, பிளேன் இன்னும் பெட்ரோல் போடுதா?" என்று கேட்டார்களாம். பள்ளிக்கூட வேலையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். குளிர்கோட்டு கொடுத்த மைத்துனி, இப்போதைக்குத் தேவையில்லையென்றால் தரலாமே என்றாளாம். லுவால்ஹாத்தி வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். தொலைபேசியில் பேச்சும் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை ப்ரேபன் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டே சொன்னார், "நான் போறேன்."

"எங்க?"

"அங்கதான். லீவு நிறைய மிச்சமிருக்கு. அவ இங்க வராட்டிப் போகுது. புருஷன் அங்க வந்து நின்னா ஊர் வாய அடைக்கலாம்ல."

"மனு?"

"அது பாட்டுக்குக் கியூவில நிக்கட்டும். அதுக்கு நான் இங்க உக்காந்து துணை இருக்கணுமா?"

"ஏன் முன்னாடியே போகல?"

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காத்திருக்கிறதுதான் ட்ரீனே என் வேலைன்னு நினைச்சுட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி. எடத்த விட்டு நகர்ந்தா பஸ் போயிடுமோன்னு."

டிசம்பர் தொடக்கத்தில் போனார். மூன்று வாரம் என்று சொல்லிப் போனவர் கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூப்பிட்டார். பின்னணியில் சேவல், மோட்டார் சத்தம், யாரோ கரோக்கே பாடும் சத்தம்.

"என் அறைக்கு ஆள் பாத்துக்கோ ட்ரீனே."

"திரும்பி வரலையா?"

"வசந்தத்துல எப்படியும் வேலைலேருந்து ஓய்வு. முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டேன். இங்க மீன் புடிக்கக் கத்துக் குடுக்கிறாங்க. எனக்கு வரல, ஆனாலும் கத்துக் குடுக்கிறாங்க. லுவா விமான நிலையத்துக்கு அந்தக் குளிர்கோட்டப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. வேர்த்து ஊத்துது. ஊரே ஜீப்புல வந்திருந்துச்சு."

அந்தக் குளிர்காலம் எனக்கு நீளமாகப் போயிற்று. அறைக்கு ஆள் வைக்கவில்லை. அம்மாவிடம் கடன் வாங்கி ஒப்பேற்றினேன். ஒலிபெருக்கியில் அதே பாட்டு ஓடும். தனியாக அதைக் கேட்க முடியவில்லை, காதில் வைத்துக்கொள்வேன். ப்ரேபனோடு சண்டை போட்ட விஷயங்கள்கூட, குளியலறையில் மீசை முடி, விடிகாலையில் உரக்க வானிலை கேட்பது எல்லாம், இல்லாதபோது வீட்டில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கணவனுக்காகக் காத்திருந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் வில்மருக்கு அனுமதி கிடைத்தது. எண்ணை நான் மூன்று முறை, ஒவ்வொரு இலக்கமாக, ஸ்வீடிஷில் சொல்லிச் சரிபார்த்தேன்.

விமானம் இறங்குவது கோபன்ஹேகனில்தான். எங்கள் வழக்கப்படி அம்மா ரோஸ்கில்டே ஊரிலிருந்து காகிதக் கொடிகளோடு வந்திருந்தாள். கதவு திறந்து வில்மர் வந்ததும் சிவப்பும் வெள்ளையுமாக ஆட்டினாள். அவன் ஒரு கொடியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான். பத்து நிமிடத்தில் பாலத்து ரயிலில் இருந்தோம்.

"இதுதான் உன் நாடா?" என்றான் சன்னலைப் பார்த்து.

"அதோ முடியப்போகுது."

"நல்லாதான் இருந்துச்சு" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையில் எதையோ தேடினாள்.

முதல் மாதங்கள் சுலபமில்லை. தொலைபேசியில் அத்தனை பேசியவனிடம் நேரில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் டேனிஷில் ஏதோ முணுமுணுத்தால், "யாரோட பேசுற?" என்பான். ப்ரேபனோடு என்று சொல்ல முடியுமா? பிறகு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் பட்டறையில் வேலை கிடைத்தது. சாயங்காலம் கறுப்புக் கையோடு வந்து அன்றைய ஸ்வீடிஷ் வசவுகளைச் சொல்லிக்காட்டுவான். அங்கிருந்துதான் நாங்கள் மறுபடி தொடங்கினோம்.

ப்ரேபனின் அனுமதிக் கடிதம் அந்தக் கோடையில் வந்தது. கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் திரும்பி உள்ளே கேட்டது எனக்குக் கேட்டது.

"லுவா, ஸ்வீடன் போறியா? கூப்பிடுறாங்க."

"இன்னைக்கா? துணி காயப் போட்டிருக்கேன்" என்றாள் அவள்.

வரவில்லை. அடுத்த ஜனவரியில் சுற்றிப் பார்க்கிற விசாவில் ஒரு மாதம் வந்து, அவர் வெள்ளையடித்த அறையிலேயே தங்கினார்கள். லுவால்ஹாத்தி என்னைவிட உயரம், நான் நினைத்ததைவிட அமைதி. ப்ரேபன் மெலிந்து கறுத்திருந்தார். முதல் நாளே அவளைத் தன் பழைய பஸ்ஸில் ஏற்றிக் கோபன்ஹேகனைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். புது டிரைவர் நிறுத்தத்தில் சரியாக நிறுத்தவில்லை என்று இரண்டு நாள் குறைபட்டுக்கொண்டார். சமையலறையில் நாலு பேர் உட்கார இடமில்லாமல் வில்மர் சன்னல் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஸ்பானிஷ், டேனிஷ், ஆங்கிலம், தகலோக் எல்லாம் கலந்து யாரும் யாருக்கும் முழுசாகப் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நானும் வில்மரும் இப்போது கோபன்ஹேகனில்தான் இருக்கிறோம். அதே ஐரோப்பியச் சட்டப்படி, சில வருஷம் ஸ்வீடனில் இருந்ததே எங்களுக்கு டென்மார்க் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். ப்ரேபன் போன வருஷம் அங்கேயே, தூக்கத்தில் போய்விட்டார். லுவால்ஹாத்திதான் கூப்பிட்டுச் சொன்னாள். பேசி முடித்த பிறகும் இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை. அவள் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.