பெண்வீட்டுப் பலகைகள்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி கங்கை கொழும்புக்குள் ஏறாதபடி நீளமாக ஒரு மண் அணை. வண்டி போக அதில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். கங்கை பெருகினால் வாசலின் இரு தூண்களிலும் வெட்டிய காடிப் பள்ளத்தில் பன்னிரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைக்க வேண்டும். பலகைகளுக்குக் காவல் நான். ஆறு வருஷத்தில் ஏழாவது பலகை தேவைப்பட்டதில்லை. அதை நம்பித்தான் கெட்டேன்.

அணைக்குக் கீழே எங்கள் தோட்டத்து வீடுகள், ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலிக் குடிசைகள். அடுத்த வீட்டு ஆறாயி மகளுக்குக் கலியாணம் வைத்தாள்.

"அண்ணே, சம்பந்தி ஆளுக மண்ணுலயா குந்துவாங்க? ரெண்டு பலகை குடுங்க. விடிஞ்சா கொண்டாந்துர்றேன்."

எனக்குச் சொந்தமென்று யாருமில்லை. அவள் என்னைப் பெண்ணுக்கு மாமனாக நிறுத்தினாள். அந்தப் பலகையில் முதல் ஆளாக, மாலையோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் கேட்கப் போனால், பலகைகள் கல்லின்மேல் ஏறிக் கட்டிலாகியிருந்தன.

"புது மாப்புள்ள படுத்திருக்காரு. உருவிக்கிட்டுப் போறீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு கேட்கவேயில்லை.

ஆகஸ்டில் மலைநாட்டு மழையெல்லாம் கங்கையில் வந்தது. காலையில் ஓவர்சியர் றேமண்ட் துரை சொல்லி, இருந்த பத்துப் பலகையையும் இறக்கினோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் பத்தாவதின் மேல்விளிம்பைத் தொட்டது.

"மத்த ரெண்டும் எங்கடா?"

"திருட்டுப் போச்சுங்க, தொர."

வேலை போய்விடுமென்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடிக்கவில்லை, ஆறாயியும் மருமகன் சடையனும் ஆளுக்கொரு பலகையைத் தலையில் தூக்கி ஓடி வந்தார்கள். நான் ஆள் அனுப்பவில்லை. தண்ணீரைக் கண்டு அவர்களாகவே கட்டிலைப் பிரித்திருக்கிறார்கள்.

மூன்று பேரும் அழுத்திப் பார்த்தோம். மேலால் பாயும் தண்ணீரில் பலகை காடியில் இறங்கவில்லை. பதிலுக்கு அடுக்கிய மண்மூட்டைகளும் சரிந்தன. சனம் பிள்ளைகளோடு அணைமேல் ஏறித் தப்பியது. வீடுகளுக்குள் நெஞ்சளவு வெள்ளம்.

றேமண்ட் துரை பலகையையும் சடையனையும் பார்த்தார்.

"கவர்மெண்ட் பலகையை எடுத்தது நீதானா?"

சடையன் ஆறாயியைப் பார்த்தான். ஆறாயி என்னைப் பார்த்தாள். நான் பேசுவேனென்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் குனிந்து சாக்குக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டிருந்தேன்.

"நாங்கதாங்க எடுத்தோம்," என்றாள் கடைசியில். "அண்ணனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"பொலிசுக்கு எழுதணும். பெயரென்ன?"

குளிரில் சடையனுக்குப் பல் கிட்டிப் பேச்சு வரவில்லை. துரை என் பக்கம் திரும்பினார்.

நான்தான் சொன்னேன். அவன் பெயரையும், கேட்காமலே அவன் தகப்பன் பெயரையும்.