மதன் வாங்கித் தந்த ராக்கி

ராக்கியை வாங்கி வந்தவன் மதன்தான். சயாஜி ராவ் சாலையில் நாலு கடை ஏறி இறங்கினானாம். அக்ஷதாவின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான். அந்த மென்மைக்காக அவள் எதையும் செய்திருப்பாள்.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு கெமிஸ்ட்ரி லேபில் வரிசை எண்படி இரண்டிரண்டு பேராக நிறுத்தியிருந்தார்கள். அக்ஷதாவுக்கு அடுத்த பெயர் பரத்வாஜ். வாரத்தில் இரண்டு மத்தியானம் இருவருக்கும் ஒரே மேசை. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி இறுதியாண்டு படித்த மதனுக்கு அது பொறுக்கவில்லை. தன் வகுப்பை விட்டுவிட்டு லேப் ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி நேரம் நிற்பான். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த அக்ஷதாவை வீட்டில் மார்க் தவிர வேறெதுவும் யாரும் கேட்டதில்லை. தனக்காக ஒருவன் வெயிலில் நிற்கிறான் என்பதை அவள் நகைபோல் ரகசியமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அவன அண்ணனாக்கிப் போடு புள்ளே. எல்லாரும் பாக்கக் கட்டு. எனக்கும் மனசு ஆறிப்போகும்" என்றான் மதன்.

அந்தக் கல்லூரியில் அது வழக்கம்தான். பின்னால் சுற்றுகிறவனை நிறுத்தப் பெண்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி. ராக்கி தினத்தன்று பாதிப் பையன்கள் வகுப்புக்கே வர மாட்டார்கள். பரத்வாஜ் வந்திருந்தான். மனதில் ஒன்றும் இல்லாதவன் எதற்கு ஒளிய வேண்டும்? வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க அவள் கட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

தங்கையில்லாத வீட்டுப் பிள்ளை அவன். அன்றிலிருந்து வாய் நிறைய, கன்னடத்தில், 'தங்கி' என்று கூப்பிட ஆரம்பித்தான். டிபன் டப்பாவில் அவளுக்கும் சேர்த்து வந்தது. அண்ணன்தானே என்று அவளும் சத்தமாகச் சிரித்தாள். மதனின் மனம் மூன்று நாள் ஆறியிருந்தது.

நாலாம் நாள் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் அவளை அறைந்தான். "ராக்கியக் கட்டிட்டா என்ன வேணும்னாலும் பண்ணலாம்னு நெனச்சியா?"

அவள் முதலில் செய்தது, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது. இரண்டாவது, மன்னிப்புக் கேட்டது. அதற்குள் மதன் அழத் தொடங்கியிருந்தான். அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். இப்படி அழுகிறவன் எப்படிக் கெட்டவனாவான் என்று வீடு வரைக்கும் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டு போனாள்.

கன்னத்தில் லேப் ஸ்டாண்டு இடித்துவிட்டது என்று அம்மா காமாக்ஷியிடம் சொன்னது செல்லுபடியாயிற்று. பரத்வாஜிடம் ஆகவில்லை.

"ஸ்டாண்டுக்கு விரல் இருக்குமா தங்கி?"

அவன் நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் மதனின் சட்டைக் காலரைப் பிடித்து, உதடு கிழியும்படி ஒன்று விட்டான். அண்ணன் என்ற உரிமையில். அந்த உரிமையைக் கடையில் தேடி வாங்கிக் கொடுத்தவன் மதனேதான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. யார் அடித்தாலும் அவளைக் கேட்டு யாரும் அடிக்கவில்லை.

விசாரணை பிரின்சிபால் அறையில் நடந்தது. மதன் உன்னை அடித்தானா என்று அவர் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றால் மதனின் கடைசி வருஷம் போகும். இல்லையென்றால் பரத்வாஜ் காரணமில்லாமல் கைநீட்டியவன் ஆவான். அவள் மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இல்லை என்றாள். பரத்வாஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன், வீட்டுக்குக் கடிதம்.

படியிறங்கி வேப்பமரத்தடிக்கு வந்ததும் மதன் நன்றி சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"கேட்ட உடனே ஏன் சொல்லல?" என்றான். "அத்தன நேரம் எதுக்கு யோசன? அவனுக்காகத்தானே?"

லேப் கூட்டாளியை அண்ணனாக்கிக் கொடுத்தாயிற்று. சிரிப்பைக் கொடுத்தாயிற்று. பொய்யும் சொல்லியாயிற்று. இப்போது பொய் சொல்வதற்கு முன் விட்ட மூச்சுக்கும் அவன் கணக்குக் கேட்கிறான். அடுத்தது என்ன என்று அவள் பார்த்தபோது, கொடுக்கத் தன்னிடம் தான் மட்டுமே மிச்சம் இருப்பது தெரிந்தது.

அவன் கையைத் தூக்கினான். அவள் தலையைக் கோதத்தான். அவள் கழுத்து தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"என்னமோ நான் அடிக்கறவனாட்ட..." என்று அதற்கும் முறைத்தான்.

அக்ஷதா திரும்பிப் படியேறினாள். பிரின்சிபால் அறைக்கு வெளியே ஸ்டூலில் பியூன் மல்லப்பன் இருந்தார். சார் கிளம்பிவிட்டார், நாளைக்கு வா என்றார். நாளைக்குள் மதன் அழுவான். அழுதால் தான் என்ன செய்வாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கீழேயிருந்து மதன் கூப்பிட்டான். இரண்டாம் முறை இன்னும் உரக்க. மதன் அடித்ததை அவள் நாலே வரியில் எழுதி, தேதி போட்டு, மடித்து, சாருக்கென்று மல்லப்பனிடம் நீட்டினாள். நாளை காலை தானே வந்து கெஞ்சிக் கேட்டாலும் இதைத் திருப்பித் தந்துவிடக் கூடாது என்று அவரிடம் சொன்னாள்.

மல்லப்பன் அவள் கன்னத்தைப் பார்த்தார். தாளைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.